வைடு எண்ணுவதில் தொடங்கியது: கைக்காசு குறைந்த ஒரு டி20 அணியின் கணக்கு

வாரக்கடைசி டி20 லீக்குகளில் இரண்டு வகை கிளப் உண்டு. ஆள் வாங்கும் கிளப் ஒன்று, ஆளைப் பறிகொடுக்கும் கிளப் இன்னொன்று. நான் நிர்வாகம் பார்ப்பது இரண்டாவது வகையை. சீசன் முடிந்ததும் எங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பேட்ஸ்மேனுக்கு வேறு கிளப்பிலிருந்து போன் வரும். மேட்ச் ஃபீஸ், புது பேட், போய்வரச் செலவு எல்லாம் தருகிறோம் என்பார்கள். பையன் தயங்கித் தயங்கி வந்து சொல்வான். போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? மைதான வாடகை, பந்து, அம்பயர் கூலி இதெல்லாம் போக எங்களிடம் மிஞ்சுவது ஒருவர் அல்லது இருவருக்கு மேட்ச் ஃபீஸ் கொடுக்கத்தான் காணும்.

ஸ்கோர் புத்தகம் எழுதும் வேலை யாருக்கும் பிடிக்காததால் அதுவும் என் தலையில்தான் விழுந்தது. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் மெதுவாக ஓர் அணியைக் கட்டினோம். முதலில் கடைசி இடத்திலிருந்து நடுவுக்கு வந்தோம், பிறகு ஒரு சீசனில் கோப்பையும் எடுத்தோம். எங்களைப் போலக் கைக்காசு குறைந்த அணி நடத்துபவர்களுக்குப் பயன்படும் என்று எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பதை எழுதுகிறேன்.

இந்த விஷயம் பேசினால் அமெரிக்காவின் ஓக்லண்ட் பேஸ்பால் அணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2002-ல் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸின் மொத்தச் சம்பளச் செலவு சுமார் 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸின் செலவு 12 கோடிக்கும் மேல். அந்த ஆண்டு இரண்டு அணிகளும் வென்ற ஆட்டங்கள் சரிசமம்: ஆளுக்கு 103. அதற்கு முந்தைய ஆண்டு ஓக்லண்டின் பெரிய நட்சத்திரமாக இருந்த ஜேசன் ஜியாம்பியை யாங்கீஸ்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தது. பொது மேலாளர் பில்லி பீனும் அவருடைய உதவியாளர் பால் டிபொடெஸ்டாவும் ஜியாம்பிக்கு ஈடாக இன்னொரு நட்சத்திரத்தைத் தேடவில்லை. அடித்து ஆடுபவர்களுக்குச் சந்தையில் விலை அதிகம். பொறுமையாக நின்று, மோசமான பந்துகளை விட்டுவிட்டு, எப்படியாவது முதல் பேஸுக்கு (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) போய்ச் சேர்பவர்களுக்கு விலை குறைவு. ஆனால் ரன் கணக்கில் பார்த்தால் இந்த இரண்டாம் வகையினர் தந்த பலன் அவர்களின் விலையை விட மிக அதிகம். அந்த இடைவெளியில்தான் ஓக்லண்ட் புகுந்தது. முழங்கையில் நரம்பு பாதிக்கப்பட்டு, கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் போல) இனி எறிய முடியாது என்று ஒதுக்கப்பட்ட ஸ்காட் ஹேட்டபெர்க்கை எடுத்து முதல் பேஸில் நிற்க வைத்தார்கள். அந்த செப்டம்பரில் தொடர்ச்சியாக 20-வது வெற்றியைக் கொடுத்த ஹோம் ரன் (நம் சிக்ஸர் போல) அவர் அடித்ததுதான். 11-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 11-11 என்று கோட்டை விட்ட ஆட்டம் அது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுவார்கள். அதே அணியில் டிம் ஹட்ஸன், மார்க் முல்டர், பாரி ஸீட்டோ என்று மூன்று அருமையான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். ஸீட்டோ அந்த ஆண்டு லீக்கின் சிறந்த பந்துவீச்சாளர் விருது வாங்கினார். மிகெல் டெஹாடா சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். எல்லாரும் அணியே வளர்த்த இளைஞர்கள் என்பதால் சம்பளம் இன்னும் ஏறாதவர்கள். கணக்கு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று யாராவது சொன்னால் இந்த நான்கு பெயர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு செய்தது, இவர்களைச் சுற்றி மீதி இடங்களைச் சல்லிசாக நிரப்பியது.

சரி, எங்கள் லீக்கில் எதற்கு விலை அதிகம், எதற்குக் குறைவு? இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பதில் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. லீக் முடிவில் இரண்டு பட்டியல் ஒட்டுவார்கள்: அதிக ரன் எடுத்தவர்கள், அதிக விக்கெட் எடுத்தவர்கள். பெரிய கிளப்புகள் ஆள் பிடிப்பது அந்த இரண்டு தாள்களைப் பார்த்துத்தான். அப்படியானால் அந்தத் தாளில் வராத, ஆனால் ஆட்டத்தை ஜெயிக்க உதவுகிற எதுவும் எங்களுக்கு மலிவாகக் கிடைக்கும். சில சமயம் சும்மாவே கிடைக்கும்.

முதலில் கண்ணில் பட்டது வைடு. தொழில்முறை கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு வைடு என்றால் எப்போதாவது போகும் ஒரு ரன். கிளப் கிரிக்கெட்டில் அது ஓட்டைப் பாத்திரம். கணக்கு இதுதான்: ஓவருக்கு 7.5 ரன் போகும் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பந்துக்குச் சராசரியாக 1.25 ரன். வைடு போட்டால் ஒரு ரன் போகும், அந்தப் பந்தைத் திரும்பவும் போட வேண்டும், அதில் இன்னொரு 1.25 போகும். ஆக, 1.25 போக வேண்டிய இடத்தில் 2.25 போகிறது, ஒவ்வொரு வைடுக்கும் ஒரு ரன் கூடுதல். ஓர் இன்னிங்ஸில் 16 வைடு என்றால் 16 ரன். பழைய ஸ்கோர் புத்தகங்களைப் புரட்டினால் நாங்கள் தோற்ற பல ஆட்டங்களில் தோல்வி இடைவெளியே அந்த அளவுக்கு இல்லை! புது பேட்ஸ்மேன் ஒருவரைக் காசு கொடுத்து வாங்கி ஆட்டத்துக்கு 16 ரன் கூடுதலாகப் பெறுவது நடக்கிற காரியமா? வைடைப் பாதியாகக் குறைப்பது நடக்கும்.

குறைக்க இரண்டு வழி. ஒன்று, இருக்கிற பந்துவீச்சாளர்களுக்கு அவரவர் வைடு எண்ணிக்கையைக் காட்டுவது. காட்டினாலே பாதி வேலை முடிந்தது. யாரும் திட்ட வேண்டியதில்லை. பயிற்சியில் லெக் ஸ்டம்புக்கு வெளியே ஒரு கயிற்றைப் போட்டு, அதற்கு அந்தப் பக்கம் விழுந்த பந்தை எண்ணினோம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை என்று சொன்னோம். இரண்டாவது வழி, வைடே போடாதவர்களைத் தேடுவது.

அப்படித் தேடியதில்தான் ஓர் ஆஃப் ஸ்பின்னர் கிடைத்தார். நாற்பதைத் தாண்டியவர். முழங்கால் சரியில்லை, ஃபீல்டிங்கில் ஓட முடியாது. அவர் ஆடிய கிளப் இளைஞர்களை எடுக்கிறோம் என்று அவரைக் கழற்றிவிட்டிருந்தது. எதிரணிக்காக எங்களோடு ஆடிய ஆட்டங்களை என் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். விக்கெட் அதிகமில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் பெயர் வராது. ஆனால் வைடு கட்டத்தில் அவர் பெயருக்கு நேரே கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. போய்ப் பார்த்தேன்.

"தம்பி, என்னால பந்து துரத்த முடியாதுப்பா. நாலு ஓவர் போட்டுட்டு நிக்கத்தான் முடியும்" என்றார்.

"அந்த நாலு ஓவர்தாண்ணே வேணும். ஷார்ட் ஃபைன் லெக்ல நில்லுங்க, பந்து அங்க வராம நாங்க பாத்துக்கறோம்" என்றேன்.

மேட்ச் ஃபீஸ் எதுவும் கேட்கவில்லை. ஆடக் கூப்பிட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது. அவரைப் பவர்பிளேயிலேயே, அதாவது முதல் ஆறு ஓவரிலேயே, போட விட்டோம். எல்லாரும் வேகப்பந்தை எதிர்பார்த்துப் பேட்டை ஓங்கிக்கொண்டு வருகிற நேரத்தில் மெதுவாக, ஸ்டம்புக்கு நேராக நாலு ஓவர். முதல் ஆட்டத்தில் எதிரணி ஓப்பனர் ஒருவர் மூன்று பந்துகளை அடுத்தடுத்து மிட்விக்கெட்டுக்குத் தட்டிவிட்டு ரன் இல்லாமல் நின்றார், நாலாவது பந்துக்கு இறங்கி வந்தார், ஸ்டம்பிங். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் கேப்டன் அதற்கப்புறம் என் நோட்டைப் பற்றிக் கிண்டல் செய்வதை நிறுத்தினார்.

பந்துவீச்சில் இன்னும் ஆழமாகப் போக உதவியது ஒரு பழைய பேஸ்பால் கண்டுபிடிப்பு. 2001-ல் வோரஸ் மக்கிராக்கன் என்பவர் ஒரு கருத்தைச் சொன்னார்: பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழுகிற பந்து ஹிட் ஆகுமா அவுட் ஆகுமா என்பதில் பந்துவீச்சாளரின் பங்கு நாம் நினைப்பதை விட மிகக் குறைவு. ஸ்ட்ரைக் அவுட் (அடிக்க முடியாமல் அவுட் ஆவது), வாக் (மோசமான பந்துகளால் அடிப்பவருக்குச் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்), ஹோம் ரன் ஆகிய மூன்றும் பந்துவீச்சாளரின் சொந்தக் கணக்கு. மீதியில் ஃபீல்டர்களும் அதிர்ஷ்டமும் நிறையக் கலந்திருக்கின்றன. முதலில் பலர் ஒப்புக்கொள்ளவில்லை, பிறகு சின்னத் திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.

கிரிக்கெட்டுக்கு இதை அப்படியே பெயர்க்க முடியாது. ஆனால் கேள்வி பொருந்தும்: ஒரு பந்துவீச்சாளரின் எகானமியில் (ஓவருக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்) எவ்வளவு அவருடையது, எவ்வளவு மற்றவர்களுடையது? கிளப் கிரிக்கெட்டில் ஃபீல்டிங் இருக்கும் லட்சணத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். அதனால் ஸ்கோர் எழுதும்போது ரன்னோடு சில சின்னக் குறிகளையும் போட ஆரம்பித்தோம். பேட்ஸ்மேன் அடிக்கப் பார்த்துத் தவறவிட்ட டாட் பாலுக்கு (ரன் வராத பந்து) சின்ன வட்டம். எட்ஜில் போன ஃபோருக்கு 4-ன் கீழே ஒரு கோடு. ஃபீல்டர் காலுக்கிடையில் விட்டால் "த". கேட்ச் விட்டால் பெருக்கல் குறி, பக்கத்தில் விட்டவரின் முதலெழுத்து. இது என் ஒருவனால் ஆகவில்லை. ஒரு வீரரின் தங்கை, கல்லூரியில் படிப்பவர், பொழுது போகாமல் ஸ்கோர் எழுத வந்தார். கொஞ்ச நாளிலேயே என்னைவிட வேகமாகவும் துல்லியமாகவும் எழுதினார். எட்ஜா நடுபேட்டா என்று எனக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பேன். ஃபீல்டரின் அண்ணன் தம்பி உறவெல்லாம் பார்க்காமல் "த" போடுவார், அது முக்கியம்.

இந்தக் குறிகளோடு பார்த்தபோது ஒருவர் தனியாகத் தெரிந்தார். ஓவருக்கு 9 ரன் கொடுக்கிறார் என்று இன்னொரு கிளப் பெஞ்சில் உட்கார வைத்திருந்த வேகப்பந்து வீச்சாளர். எங்களுக்கு எதிராக அவர் போட்ட ஓவர்களில் வட்டம் ஏராளம், கோடு போட்ட ஃபோர்களும் ஏராளம். அதாவது பேட்ஸ்மேன்கள் அவரைத் தொட முடியாமல் திணறினார்கள், தொட்டது கீப்பருக்குப் பின்னால் தேர்ட் மேன் பக்கம் ஓடியது. அங்கே அந்த அணி ஆளே வைக்கவில்லை. அவரைக் கூட்டிவந்து தேர்ட் மேனில் ஓர் ஆளை நிறுத்தியதைத் தவிர நாங்கள் அவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பேட்டிங்கில் வேலை கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் அங்கே மனிதர்கள் நோகிறார்கள். எங்களிடம் ஓர் ஓப்பனர் இருந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் அணியில் அதிக ரன் அவர்தான். 48 பந்தில் 45 என்பது அவருக்கு வழக்கமான ஸ்கோர். கைதட்டல் வாங்கிக்கொண்டு வெளியே வருவார், நாங்கள் தோற்போம். 150 ரன் வேண்டும் என்று வையுங்கள். அவர் 48 பந்தில் 45 எடுத்துவிட்டால் மீதி 72 பந்தில் 105, ஓவருக்கு 8.75. இன்னொருவர் 9 பந்தில் 18 அடித்து அவுட் ஆகிறார். மீதி 111 பந்தில் 132, ஓவருக்கு 7.1 சொச்சம். பட்டியலில் முதலாமவர் 45, இரண்டாமவர் 18. வேலையை எளிதாக்கியவர் யார்?

டி20-ல் 10 விக்கெட், 120 பந்து. பெரும்பாலான இன்னிங்ஸ்களில் பந்து தீர்ந்துபோகிறது, விக்கெட் மிஞ்சுகிறது. மழையால் சுருங்கும் ஆட்டத்தில் இலக்கைத் திருத்தும் டக்வொர்த்-லூயிஸ் முறையின் அடிப்படையும் இதுதான்: மிச்சமிருக்கும் ஓவர், மிச்சமிருக்கும் விக்கெட், இரண்டும் சேர்ந்ததுதான் ஓர் அணியின் கையிருப்பு. 50 ஓவர் ஆட்டத்தில் விக்கெட்டைக் காப்பது பெரிய வேலை. அதே 10 விக்கெட்டை 20 ஓவருக்குப் பங்கிட்டால் ஒரு விக்கெட்டின் மதிப்பு தானாகவே இறங்கிவிடும். 2016 டி20 உலகக் கோப்பை அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். இந்தியா 2 விக்கெட் மட்டும் இழந்து 192 எடுத்தது. 8 விக்கெட் பயன்படாமலே கையில் இருந்தது. வெஸ்ட் இண்டீஸ் 2 பந்து மீதமிருக்க ஜெயித்தது. இந்தியா அடித்த சிக்ஸர் 4, அவர்கள் அடித்தது 11. அதே ஆட்டத்தில் 51 பந்தில் 82 அடித்த லெண்டல் சிம்மன்ஸ் இரண்டு முறை கேட்ச் கொடுத்தார், இரண்டும் நோபால். வைடைப் பற்றி நான் இவ்வளவு பேசியதில் நோபாலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒவ்வொரு பேட்ஸ்மேனுக்கும் ஒரே ஓர் எண் வைத்தோம். அவர் எடுத்த ரன்னிலிருந்து, அவர் சந்தித்த பந்துகளில் சாதாரணமாக வரக்கூடிய ரன்னைக் கழித்தால் வருவது. எல்லாப் பந்துக்கும் 1.25 என்று வைக்காமல் பவர்பிளே, நடு ஓவர், கடைசி ஐந்து ஓவர் என்று பிரித்து, லீக்கில் அந்தந்தக் கட்டத்தில் எவ்வளவு வருகிறதோ அதைக் கழித்தோம். கடைசி ஓவர்களில் வந்து 8 பந்தில் 12 அடிப்பவரையும், பவர்பிளேயில் 8 பந்தில் 12 அடிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது இல்லையா. சாதாரண விரிதாளில் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், வேறு மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம்.

அந்த ஓப்பனரிடம் இந்த எண்ணை நேராக நீட்டினால் அணியை விட்டே போயிருப்பார். கேப்டன்தான் பேசினார், அதுவும் தனியாக. "அண்ணே, முதல் ஆறு ஓவர்ல நீங்க அவுட் ஆனா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அடிக்கத் தெரியாமல் இல்லை. அவுட் ஆனால் பெயர் கெடும் என்ற பயம்தான். அவருடைய சராசரி இறங்கியது, எங்கள் வெற்றி ஏறியது. பட்டியலில் பெயர் கீழே போனதால் அவருக்குப் பெரிய கிளப் போனும் வரவில்லை, எங்களுடனே இருக்கிறார். இதில் கொஞ்சம் சுயநலம் இருக்கிறது, மறுக்கவில்லை.

கேட்ச் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விட்ட கேட்ச் எந்த ஸ்கோர் அட்டையிலும் வராது, அதனால் எந்தக் கிளப்பும் அதற்கு விலை வைப்பதில்லை. பெருக்கல் குறிகளை எண்ணினால் யார் எங்கே நிற்கக் கூடாது என்று ஒரு சீசனில் தெரிந்துவிடும். எங்கள் அணியில் லாங் ஆனில் அதிகம் விட்டவர் கேப்டன்தான். பழக்கத்தில் அங்கே போய் நின்றுகொள்வார். கவருக்கு மாறினார், அங்கே நன்றாகவே செய்தார். புது ஃபீல்டருக்கு ஒரு காசும் செலவில்லை.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் புள்ளிவிவரம் கையில் கிடைத்ததும் எல்லாரும் செய்வது இரண்டு ஆட்டத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது. ஒரு பந்துவீச்சாளரின் பந்துகளில் 40% டாட், 40% ஒரு ரன், 7% இரண்டு ரன், 9% ஃபோர், 4% சிக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி எகானமி 7-க்குச் சற்றுக் கீழே வரும். ஆனால் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் ரன் 0, 1, 4, 6 என்று தாவுவதால் 4 ஓவரில் அவர் கொடுக்கும் ரன் தற்செயலாகவே ஏழு ரன் அளவுக்கு மேலோ கீழோ போகும். திறமையில் ஒரு மாற்றமும் இல்லாமல் ஒரு நாள் 4 ஓவரில் 20 கொடுப்பார், இன்னொரு நாள் 34 கொடுப்பார். இரண்டுமே சாதாரணம். 50 ஓவர் போட்ட பிறகும் எகானமியில் ஏறத்தாழ அரை ரன் தடுமாற்றம் மிச்சமிருக்கும். 6.5 எகானமிக்காரரை 7-க்காரருக்கு மேலே வைத்துப் பெரிய முடிவு எடுப்பது வீண்.

வைடு, தவறவிட்ட டாட் பால் போன்றவற்றை நாங்கள் விரும்புவதற்குக் காரணமும் இதுதான். அவை சீக்கிரம் நிலைக்கு வரும். நாலைந்து ஆட்டம் பார்த்தாலே ஒருவர் வைடு போடுகிற ஆளா இல்லையா என்று ஓரளவு தெரிந்துவிடும். எகானமி அப்படிச் சீக்கிரம் சொல்லாது. விக்கெட் எண்ணிக்கை அதைவிடத் தாமதம். சின்ன லீக்கில் ஆட்டமே குறைவு என்பதால் எந்த எண் சீக்கிரம் நிலைபெறும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது பாதிக் கெட்டிக்காரத்தனம்.

அணியையும் அப்படித்தான் எடைபோட வேண்டும். பேஸ்பால் புள்ளிவிவரத்தின் பிதாமகர் என்று சொல்லத்தக்க பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் வைத்தார்: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் கொடுத்த ரன்னின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி எத்தனை விகிதம் ஜெயித்திருக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். அதைவிட நிறைய ஜெயித்த அணி பெரும்பாலும் நூலிழை ஆட்டங்களில் தப்பித்த அணி, அடுத்த ஆண்டு அந்த அதிர்ஷ்டம் தொடராது. எங்களுக்கு இந்த வேலையை நெட் ரன் ரேட் (ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தது) செய்தது. கோப்பை எடுத்ததற்கு முந்தைய சீசனில் நாங்கள் புள்ளிப் பட்டியலில் நடுவில், நெட் ரன் ரேட்டில் மேலே இருந்தோம். அணியைக் கலைக்க வேண்டும் என்று சிலர் குதித்தார்கள். அந்த ஓர் எண்ணைக் காட்டித்தான் அப்படியே வைத்துக்கொண்டோம்.

தொழில்முறை அணிகளின் கதைகளில் வராத, ஆனால் எங்களுக்கு மிகவும் பயன்பட்ட கணக்கு வருகைப் பதிவேடு. சிரிக்காதீர்கள். கிளப் ஆட்டக்காரர்களுக்கு வேலை, கல்யாணம், பரீட்சை எல்லாம் உண்டு. ஒரு நட்சத்திரம் இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் இறங்கும் பன்னிரண்டாவது ஆளைவிட ஆட்டத்துக்கு 10 ரன் மேல் என்று வைப்போம். 12 ஆட்டத்தில் 6-க்குத்தான் வருவார். மொத்தப் பலன் 60. இன்னொருவர் 6 ரன்தான் மேல், ஆனால் 12-க்கும் வருவார். மொத்தம் 72. காசு கொடுக்க ஒருவரைத்தான் முடியும் என்றால் இரண்டாமவருக்குக் கொடுங்கள். எங்கள் மேட்ச் ஃபீஸ் இப்போது திறமைக்கு ஒரு பங்கு, தொடர்ந்து வருவதற்கு ஒரு பங்கு என்றுதான் போகிறது.

எண்ணால் அளக்க முடியாத பங்கும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 2008-ல் முதல் ஐபிஎல்லில் ராஜஸ்தான் ராயல்ஸ்தான் எட்டு அணிகளில் மிகக் குறைந்த விலைக்குப் போன அணி, 6.7 கோடி டாலர். முதல் ஆட்டத்தில் டெல்லியிடம் 9 விக்கெட்டில் தோற்றது. கடைசியில் சென்னையைக் கடைசிப் பந்தில் வென்று கோப்பை எடுத்தது. (சென்னை ரசிகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) அதில் ஷேன் வார்ன் என்ற கேப்டனின் கண்ணும் பேச்சும் எந்த விரிதாளையும் விடப் பெரியவை என்றுதான் நினைக்கிறேன். யூசுஃப் பதானிடமும் பத்தொன்பது வயது ரவீந்திர ஜடேஜாவிடமும் "உன் வேலை இது" என்று தெளிவாகச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். எங்கள் கேப்டன் அந்த ஓப்பனரிடம் பேசிய பேச்சை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

அப்புறம், இந்த லாபம் நிரந்தரமில்லை. ஓக்லண்டின் வழியைப் பார்த்த பாஸ்டன் ரெட் சாக்ஸ் பில் ஜேம்ஸையே ஆலோசகராக வைத்துக்கொண்டது, 2004-ல் அமெரிக்க பேஸ்பாலின் கோப்பையான உலகத் தொடரை வென்றது. காசும் இருந்து கணக்கும் தெரிந்தால் காசில்லாதவனுக்கு என்ன மிஞ்சும்? எங்கள் லீக்கிலும் அதுதான் நடக்கிறது. இப்போது எல்லா அணியும் மொபைல் ஆப்பில் ஸ்கோர் போடுகிறது, ஸ்ட்ரைக் ரேட் (100 பந்துக்கு எத்தனை ரன்) எல்லாருக்கும் ஒரே தட்டலில் தெரிகிறது. 9 பந்தில் 18 அடிக்கும் பையன்களுக்கும் போன் வர ஆரம்பித்துவிட்டது. வைடு போடாத ஸ்பின்னர்களையும் தேடுகிறார்கள்.

ஆப்பில் வராததைத் தேடிப் போவதுதான் இனி வழி. இந்த சீசனில் ஓடாத இரண்டாவது ரன்களை எழுதிக்கொண்டிருக்கிறோம். பந்து டீப்புக்குப் போய், ஃபீல்டர் எடுப்பதற்குள் முதல் ரன் முடிந்து, இரண்டாவதற்கு நேரம் இருந்தும் ஓடவில்லை என்றால் 1-க்கு மேலே ஒரு புள்ளி. யார் அழைக்க வேண்டியவரோ அவர் பெயரில் அது சேரும். எதிரணிக்கும் இதே புள்ளி போடுகிறோம், யாருடைய கைக்குப் பந்து போனால் ஓடத் துணிகிறார்கள் என்று தெரிய. இதுவரை சேர்ந்ததில் நடு ஓவர்களில்தான் புள்ளிகள் அதிகம், அதிலும் இருவரும் புதிதாக வந்து நிற்கும்போது. எண்ணிக்கை இன்னும் சிறியது, அதனால் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பயிற்சியில் மட்டும் ஜோடி ஜோடியாக ஓட விடுகிறோம், நாற்பது தாண்டிய ஆஃப் ஸ்பின்னரைத் தவிர.